இரண்டு தட்டினால் தண்ணீர்

பத்துமலை பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பேஸ் டிரம் ஒரு முறை அடித்தது.

பெரிய சத்தமில்லை. மெத்தையில் ஒரு கை தொப்பென்று விழுந்தது போல இருந்தது. அவன் குச்சிகளை மடியில் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தான். பெடலின் பஞ்சு முனை தோலிலிருந்து நாலு விரற்கடை தள்ளி அசையாமல் நின்றது. வெளியே எண்பத்தொன்றாம் ஆண்டின் நவம்பர் மழை, மலேசியாவின் ஈப்போ நகரத்தை ஒட்டிய புந்தோங்கின் தகரக் கூரைகள் அத்தனையின் மேலும் ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. கால்வாய்த் தண்ணீரின் வாடையும் பக்கத்து வீட்டில் கருவாடு பொரிக்கும் வாடையும் பலகைச் சுவரின் இடுக்குகள் வழியாக வந்தன. உள் அறையில் அவனுடைய ஆறு வயது மகள் நவமணி பள்ளிக்கூடப் பாட்டு ஒன்றை மூக்கால் முனகிக்கொண்டிருந்தாள். எல்லாம் தினமும் இருப்பது போலத்தான் இருந்தது. மழைக்குத் தோல் இளகியிருக்கும், இளகிய தோல் மூச்சு விட்டிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, டிரம்முக்குள் இருக்கும் விளக்கின் சுவிட்சைத் தட்டினான்.

அந்தக் காலத்து டிரம் அது. கப்பலில் இங்கிலாந்திலிருந்து வந்து, சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் துரைமார் கிளப்பில் சனிக்கிழமை நடனங்களுக்கு முழங்கியது. இப்போது வருகிற டிரம்களைப் போல் பிளாஸ்டிக் அல்ல; இரண்டு பக்கமும் கன்றுக்குட்டித் தோல். மழையில் தோல் தொங்கிப்போகாமல் இருக்க, செய்தவர்களே உள்ளே ஒரு பல்பை வைத்து, காற்றுத் துளை வழியாக ஒயரை வெளியே விட்டிருந்தார்கள். பல்பு எரிந்தால் சூட்டில் தோல் இறுகும். முன்பக்கத் தோல் முழுநிலா மாதிரி மஞ்சளாக ஒளிரும்.

அந்த நிலாவின் அடியில் மூன்று வாரமாக ஒரு நிழல் படுத்திருந்தது. அவனே வைத்த கம்பளி.

அவன் வாசிக்கும் இசைக்குழுவை நடத்தும் ஞானசேகரம்தான் அதற்குக் காரணம். ரயில்வேயில் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரர், அக்கார்டியனைக் குழந்தையைத் தூக்குவது போல் தூக்கி வாசிப்பார். தீபாவளி நிகழ்ச்சி முடிந்ததும் அவர் பத்துமலையைத் தனியே அழைத்துச் சொன்னார். “ஐசே, உன்ர டிரம் கோயில் மணி மாதிரி இழுக்குது. பாடுறவையின்ர குரலே கேக்கேல்ல. உள்ளுக்கு ஏதும் அடைச்சு விடு பாப்பம்.”

தலையணையை அடைத்துப் பார்த்தான், சத்தம் செத்துப்போனது. பழைய துண்டுகளை அடைத்துப் பார்த்தான், இழுவை போகவில்லை. கடைசியில் அலமாரியின் மேல் சுருட்டி வைத்திருந்த அக்காவின் கம்பளியை எடுத்தான். தோட்டத்தில் எல்லோரும் போர்த்துகிற கரடுமுரடான கருங்கம்பளி. நாலாக மடித்து உள்ளே வைத்து ஓர் அடி அடித்ததும் அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அளவெடுத்துத் தைத்தது போல ஒரு சத்தம். அழுத்தமாக, சுருக்கமாக, நெஞ்சில் விரல் வைத்துத் தள்ளுவது போல.

அக்கா வீரம்மா அவனைவிடப் பதின்மூன்று வயது மூத்தவள். அம்மா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவள். விடியுமுன் அந்தக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, பாலுக்காக ரப்பர் மரம் வெட்டப் போவாள்; மத்தியானம் கிளப்பைக் கூட்டப் போகும்போது அவனை இடுப்பில் தூக்கிச் சன்னல் வழியாக இந்த டிரம்மைக் காட்டுவாள். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது கிளப் சாமான்களெல்லாம் ஈப்போவின் பழைய சாமான் கடைக்கு வந்தன. அவன் டிரம்மை வீட்டுக்குக் கொண்டுவந்த சமயம் வீரம்மா அவன் வீட்டு உள் அறையில்தான் கிடந்தாள். வாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்திருந்தது. பேச்சு இல்லை. டிரம்மைக் கட்டிலருகே உருட்டிக்கொண்டு போய்க் காட்டினான். அவள் இடது கையால் தோலைத் தடவி, கோணிய வாயோடு சத்தமில்லாமல் சிரித்தாள்.

இந்த வருடம் ஜனவரியில் போய்விட்டாள். அவளுடைய துணிமணிகளைப் பதினாறாம் நாளுக்குள் தண்ணீரில் விடுவதற்காக அவன் மனைவி செல்லாயி மூட்டை கட்டினாள். அதிலிருந்து கம்பளியை மட்டும் அவன் உருவிக்கொண்டான். ஏன் என்று கேட்டபோது அதைச் சுருட்டி அலமாரியின் மேல் வைத்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈப்போவில் கொட்டுகிறவர்கள் எல்லாரும் பழைய டவுன் கோப்பிக் கடை ஒன்றில் கூடுவார்கள். முன்பு கேபரே நடன அரங்கில் வாசித்த சீனன் அ ஃபூக், போலீஸ் பேண்டிலிருந்து ஓய்வு பெற்ற மலாய்க்காரர் பாக் டின், கோயில்களில் உறுமி அடிக்கும் இராமசாமி, இன்னும் இரண்டு மூன்று பேர். யார் டிரம்முக்கு எந்தத் திருகு குறைகிறது, யாரிடம் பழைய தோல் இருக்கிறது என்பதுதான் பேச்சு. பத்து விரலும் சும்மா இருக்காது. பளிங்கு மேசையில் குவளைகள் அதிர்ந்துகொண்டே இருக்கும். கடைக்காரர் வந்து முறைப்பார். ஐந்து நிமிடம் அடங்குவார்கள்.

அன்று பத்துமலை, காலை எடுத்த பிறகும் டிரம் அடிப்பதைச் சொன்னான். தோலும் மரமும் மழையில் விளையாடும் என்றார் பாக் டின். பல்புக்குப் பக்கத்தில் துணி வைத்தால் “அப்பி மாக்கான், நாந்தி,” நெருப்பு தின்றுவிடும் என்று அ ஃபூக் பயமுறுத்தினான். இராமசாமிதான் கேட்டான்.

“என்னாத்த அடைச்சிருக்க?”

“கம்பளி.”

“யாரு கம்பளி?”

“அக்காவோடது.”

இராமசாமி கோப்பியைக் கீழே வைத்தான். வீரம்மாவின் சாவுக்கு அவன்தான் அடித்தான். “செத்தவங்க போத்துனத தண்ணியில விடணும் மச்சான். நீ என்னடான்னா தெனம் ஒக்காந்து அதப் போட்டு ஒதைக்கிற.”

“தோட்டத்துக் கம்பளி லா. இப்ப எங்க கெடைக்குது அந்த மாதிரி.”

“நல்லா ஒத. அக்கா எந்திரிச்சி வந்து முதுகுல ரெண்டு போடும் பாரு.”

தமிழ் புரிந்தவர்கள் சிரித்தார்கள். புரியாத அ ஃபூக்கும் சேர்ந்து சிரித்தான். பத்துமலையும் சிரித்தான். ஆனால் ‘ரெண்டு’ என்ற சொல்லைக் கேட்டதும் மேசையில் அவன் விரல்கள் தட்டுவதை நிறுத்தின.

ஏனென்றால் வீரம்மாவிடம் மிச்சமிருந்த மொழியே அதுதான். இடது கையில் ஓர் எனாமல் குவளை. கட்டிலை ஒட்டிய பலகைச் சுவர். ஒரு தட்டு தட்டினால் வா. இரண்டு தட்டினால் தண்ணீர். மூன்று தட்டினால் புரட்டிப் போடு. செல்லாயி மின்னணுத் தொழிற்சாலையில் மத்தியான ஷிப்டு பார்த்ததால், நகராண்மைக் கழக வேலை முடிந்து வந்ததும் அக்காவைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு.

அவள் போன நாள் ஒரு சனிக்கிழமை. வேலை அரை நாள். நவமணி பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். அக்காவுக்குச் சோறு ஊட்டிவிட்டு, கடைசி இரண்டு வாயை அவள் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்ததைக் கவனிக்காமல், அவன் கூடத்தில் டிரம்முக்கு முன் உட்கார்ந்தான். ஒரு வேகமான சினிமாப் பாட்டு. கை பிடிபடாமல் ஒரு வாரமாகச் சண்டித்தனம் செய்துகொண்டிருந்தது. பாதியில் சுவரில் இரண்டு தட்டு கேட்டது. பாட்டு முடியட்டும் என்று நினைத்தான். மறுபடி இரண்டு. அது அவன் கால் விட்ட இடைவெளியில், கொஞ்சமும் பிசகாமல் வந்து விழுந்தது.

அக்கா தாளம் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

உலகத்தில் வேறு யாரும் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். ஒரு தச்சன் எழுந்து போயிருப்பான். ஒரு டிரைவர் எழுந்து போயிருப்பான். அவன் சிரித்துக்கொண்டே அவளுக்கு இடம் விட்டு அடித்தான். இரண்டு. இரண்டு. தட்டு வேகமானது, அவனும் வேகமானான். பிடிபடாத பாட்டு பிடிபட்டுவிட்டது. அவன் வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை. பிறகு தட்டு தடுமாறியது, ஒன்று விட்டுப்போனது, நின்றது. அவன் நீளமாக ஓர் உருட்டு உருட்டி முடித்தான்.

தண்ணீரோடு உள்ளே போனபோது அக்காவின் இடது கை சுவரில் சாய்ந்தபடி இருந்தது. கண் கதவைப் பார்த்திருந்தது. உதட்டோரத்தில் சோற்றுப் பருக்கைகள். குவளையின் விளிம்பு நசுங்கியிருந்தது.

தூக்கத்தில் போய்விட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னான். குவளையின் நசுங்கலைக் குறட்டால் நிமிர்த்தி அடுக்களையில் கவிழ்த்து வைத்தான். அந்தப் பாட்டை அதன் பிறகு வாசிக்கவில்லை. இப்போது, அடுத்த ஞாயிறு வாசிக்கப் போகிற கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் அதே பாட்டைத்தான் கேட்டிருந்தார்கள்.

*

செவ்வாய்க்கிழமை நவமணி இடது கையால் சோறு சாப்பிட்டாள்.

“சோத்துக் கை எங்க?” என்று அதட்டினான்.

“அது தூங்குதுப்பா.”

வலது கை அவள் மடியில் மல்லாந்து கிடந்தது. அவன் தூக்கி விட்டான். கனமாக இருந்தது. உள்ளங்கையில் கிச்சுகிச்சு மூட்டியதும் விரல்கள் மடங்கின, அவளும் சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டான். அன்று அவள் நிறையத் தண்ணீர் குடித்தாள். அடுக்களையிலிருந்து அந்த எனாமல் குவளையை எடுத்துக்கொண்டு வந்து, வேறெதிலும் குடிக்க மாட்டேன் என்றாள்.

புதன்கிழமை காற்றுத் துளையிலிருந்து வாடை வந்தது. ரப்பர் பால் புளித்த வாடை. அதற்கடியில், ரப்பர் தாள்களை உலர்த்தும் புகைக்கூண்டின் வாடை. மூடிய கூடத்தில் அது முழங்காலளவுக்குத் தேங்கி நிற்பது போல் இருந்தது. விளக்கைப் போட்டான். தோலில் தெரிந்த நிழல் சப்பையாக, மடித்த கம்பளியாக இல்லை. யாரோ முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்தால் தோள் எப்படி மேடாகத் தெரியுமோ அப்படித் தெரிந்தது.

வியாழக்கிழமை வேலைக்குப் போகவில்லை. செல்லாயி ஷிப்டுக்குப் போவதற்குள் முடித்துவிட நினைத்து, டிரம்மின் திருகுகளைக் கழற்றிக் கம்பளியை வெளியே இழுத்தான். மூன்று வாரம் பல்புக்கு அருகில் இருந்த கம்பளி காய்ந்து மொறுமொறுவென்று இருக்கவேண்டும். அது ஈரமாக இருந்தது. எச்சில் ஊறிய தலையணை மாதிரி ஒரு வெதுவெதுப்பு. சாக்கில் போட்டுக் கல்லைக் கட்டி, சைக்கிளில் வைத்துக்கொண்டு போய், வெள்ளீயம் தோண்டிக் கைவிட்ட சுரங்கக் குளத்தில் எறிந்தான். சாக்கு உடனே மூழ்கவில்லை. கொஞ்ச நேரம் நிமிர்ந்து நின்றது. பிறகு ஓர் ஆள் உட்காருவது போல மெல்ல இறங்கியது.

வீட்டுக்கு வந்து டிரம்மைப் பூட்டி ஓர் அடி அடித்தான். உள்ளே ஒன்றுமில்லாத டிரம் கோயில் மணி மாதிரி இழுக்கவேண்டும்.

தொப்.

இன்னொன்று அடித்தான்.

தொப்.

விளக்கைப் போட்டான். நிழல் இருந்தது. இப்போது படுத்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் கூடத்துப் பக்கமே போகவில்லை. சனிக்கிழமை மத்தியானம் செல்லாயி முதுகுப்பையை மாட்டிக்கொண்டே சொன்னாள். “புள்ள ஒரு மாதிரி இருக்குங்க. பேச மாட்டேங்குது. கேட்டா தலைய ஆட்டுது.”

“ஜொரமா?”

“தொட்டா ஜில்லுனு இருக்கு. திங்கக்கிழம கிளினிக் கொண்டு போவோம். இன்னிக்கு நீங்க கொட்டாம இருங்களேன்.”

“நாளைக்குக் கல்யாணம் செல்லாயி. அந்த ஒரு பாட்டு மட்டும்.”

“அப்ப கதவச் சாத்திட்டுக் கொட்டுங்க. தூங்குற புள்ளைக்கு தண்ணி மட்டும் பக்கத்துல வச்சிருங்க. மறந்துராதீங்க.”

மறக்க மாட்டேன் என்றான்.

*

ஆறரைக்கெல்லாம் மழை இருட்டு கட்டிவிட்டது. நவமணி அக்காவின் பழைய கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பித் தூங்கினாள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். ஞானசேகரம் கொடுத்த கேசட்டை ஒரு முறை கேட்டான். டிரம்முக்குள் விளக்கைப் போட்டான். அதைப் பார்க்காமல் இருக்க நாற்காலியில் சற்றுச் சாய்ந்துகொண்டான். ஆனால் எதிர்ச் சுவரில், காலண்டரின் மேல், தோலின் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. அந்த வெளிச்சத்துக்கு நடுவில் ஒரு தலை. முக்காடு போட்ட தலை.

பாட்டைத் தொடங்கினான்.

முதல் சுற்று. மழை. தொப், தொப். இரண்டாம் சுற்று. கால் இடைவெளி விடும் இடம் வந்தது.

உள் அறைச் சுவரில் இரண்டு தட்டு.

அவன் கை நிற்கவில்லை. நின்றால் அந்தச் சத்தம் தனியாகக் கேட்கும். தனியாகக் கேட்டால் அது என்ன என்று தெரிந்துவிடும். அடித்துக்கொண்டே இருந்தால் அது பாட்டுக்குள் இருக்கும். அவனுக்குத் தெரிந்த ஒளிவிடம் அது ஒன்றுதான்.

இரண்டு.

அக்கா, என்றான் மனசுக்குள். போயிரு அக்கா.

இரண்டு. வேகமாக.

அவனும் வேகமாக அடித்தான். சிம்பலை அடித்தான். ஸ்னேரை அடித்தான். சுவரை மூடும்படி அடித்தான். வியர்வை கண்ணில் இறங்கியது. பக்கத்து வீட்டில் யாரோ கத்தினார்கள். இரண்டு. இரண்டு. ஜனவரி மாதத்து இடைவெளிகள். அதே இடம். அதே இடம். பிறகு ஒன்று தடுமாறியது. ஒன்று விட்டுப்போனது.

நின்றது.

உருட்டாமலே பாட்டை முடித்தான். கடைசி அடி கூடத்தில் எழுந்து நின்றது. கணீரென்று. நீளமாக, இழுவையாக, கோயில் மணி மாதிரி. அவன் தலை திருப்பிப் பார்த்தான். எதிர்ச் சுவரில் வெறும் மஞ்சள் வட்டம். குனிந்து முன்தோலைப் பார்த்தான். அதில் நிழல் இல்லை. வெறும் பல்பு. வெறும் நிலா.

போய்விட்டாள்.

அவனுக்கு அழுகை வந்தது. குச்சிகளைக் கீழே போட்டான். நெஞ்சுக்குள் பத்து மாதமாக நசுங்கியிருந்த ஏதோ ஒன்று நிமிர்ந்தது. மணிச்சத்தம் தேய்ந்து தேய்ந்து மழைக்குள் கரையும்வரை உட்கார்ந்து கேட்டான். அது முழுவதும் கரைந்த பிறகுதான் நினைத்தான்.

எங்கே போனாள்?

தண்ணீர் வைக்கவில்லை.

அடுக்களைக்கு ஓடினான். எனாமல் குவளை அங்கே இல்லை. கண்ணாடித் தம்ளரில் மொண்டான். பாதி சிந்தியது. உள் அறைக் கதவைத் தள்ளினான்.

புளித்த பால் வாடை. குளத்துச் சேற்று வாடை.

கட்டிலில் கம்பளி. அதன் ஓரங்களிலிருந்து தண்ணீர் பலகைத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. கம்பளிக்கு வெளியே நவமணியின் முகம். மூச்சு இருந்தது. கண்கள் கதவைப் பார்த்திருந்தன, எவ்வளவு நேரமாகவோ. வாய் இடப்பக்கம் கோணியிருந்தது. இடது கையில் குவளை. விளிம்பு மறுபடி நசுங்கிய குவளை.

“மணி,” என்றான். “அப்பா வந்துட்டேன்டா. பேசும்மா.”

அவள் அவனையே பார்த்தாள். அந்தப் பார்வை ஆறு வயதுப் பார்வை இல்லை. அதில் கோபமும் இல்லை. அவனை இடுப்பில் தூக்கிச் சன்னலைக் காட்டியவளின் பார்வை.

தலையைத் தாங்கித் தம்ளரை உதட்டில் வைத்தான். தண்ணீர் உள்ளே போகவில்லை. வலது கடைவாய் வழியாக வழிந்து, கழுத்தில் இறங்கி, கம்பளிக்குள் போயிற்று. இன்னும் சாய்த்தான். இன்னும் வழிந்தது. தம்ளர் காலியானது.

அவள் கை சுவருக்குப் போனது.

இரண்டு தட்டினாள்.

அவன் மறுபடி மொண்டு வந்தான். வழிந்தது. இரண்டு தட்டினாள். மறுபடி மொண்டு வந்தான். இரண்டு தட்டினாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முகத்தை அந்த ஈரக் கம்பளியில் புதைத்துக்கொண்டு, மன்னிச்சிரு, மன்னிச்சிரு என்று சொல்லிக்கொண்டே இருந்தான். இரண்டு. இரண்டு. காதுக்குப் பக்கத்தில், கொஞ்சமும் பிசகாமல்.

அப்போதுதான் கீழே இன்னொரு சத்தத்தைக் கேட்டான். அவள் விட்ட இடைவெளிகளில் வந்து விழுந்துகொண்டிருந்தது. ஈரப் பலகைத் தரையில், பெடல் மிதிக்கும் அவன் வலது பாதம் தானாக அடித்துக்கொண்டிருந்தது.